மலிவு பட்ஜெட் கௌபாய் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கௌபாய் படம் என்றதும் ஜெய்சங்கர்தான் நினைவுக்கு வருகிறார். அந்த வகையா இது?

இல்லை. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972) ஆகியவற்றுக்கு நெருங்கிய சொந்தம் 1960களின் இத்தாலிய கௌபாய் படங்கள். இங்கே பேசுவது அவற்றுக்கும் ஒரு தலைமுறை மூத்தவற்றை. 1930களின் தொடக்கம் முதல் 1954 வரை ஹாலிவுட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தள்ளிய, ஒரு மணி நேரத்தை ஒட்டி ஓடும், பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். நாயகன் முகம் மழித்திருப்பான். எத்தனை சண்டை போட்டாலும் தொப்பி கழன்று விழாது. தொழில்காரர்கள் வைத்த பெயர் ‘பி வெஸ்டர்ன்’.

‘பி’ என்றால் இரண்டாம் தரம் என்று பொருளா?

தரத்தைச் சொன்ன எழுத்து அல்ல, வியாபார முறையைச் சொன்ன எழுத்து. பொருளாதார மந்த காலத்தில் கூட்டம் குறைந்ததும், அமெரிக்கத் தியேட்டர்கள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டத் தொடங்கின. முதல் படம் ‘ஏ’. அதற்கு வசூலில் பங்கு. இரண்டாவது ‘பி’. அதற்கு வசூல் எவ்வளவு ஆனாலும் பேசிய வாடகை மட்டும்.

இந்த வாடகை முறையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். படம் பிரமாதமாக ஓடினாலும் தயாரிப்பாளர் கைக்கு ஒரு டாலர் கூடுதலாக வராது. எத்தனை தியேட்டர் எடுக்கும், எவ்வளவு வரும் என்று படப்பிடிப்புக்கு முன்பே கூட்டிப் பார்த்துவிடலாம். வரவுக்கு உச்சவரம்பு இருக்கும்போது லாபத்துக்கு ஒரே வழி செலவைக் குறைப்பது. ஒரே பாறை திரும்பத் திரும்ப வருவது, இரவுக் காட்சி பகல் போலத் தெரிவது, நாயகன் திடீரென்று பாடுவது என எல்லாமே இந்தக் கணக்கின் வாரிசுகள்தாம்.

யார் எடுத்தார்கள்?

கொலம்பியா, யுனிவர்சல் போன்ற நிறுவனங்களும் எடுத்தன. ஆனால் இந்த வகையின் தாய்வீடு ‘பாவர்ட்டி ரோ’. ஹாலிவுட்டில் கௌவர் தெருவை ஒட்டி முளைத்த சிறு கம்பெனிகளுக்கு வைத்த கிண்டல் பெயர் அது, ‘ஏழைத் தெரு’ என்று சொல்லலாம். சன்செட் பூல்வார்டும் கௌவர் தெருவும் சந்திக்கும் முனையில், வேலை தேடி வந்த அசல் மாட்டுப் பண்ணை ஆட்கள் சொந்தத் தொப்பி, சொந்த பூட்ஸோடு காத்து நிற்பார்கள். உடைக்கும் செலவில்லை, குதிரை ஏறக் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம்.

மோனோகிராம், மாஸ்காட் இரண்டும் முக்கியமானவை. சொந்தமாக வினியோக வலை இல்லாத கம்பெனிகள் மாநில வாரியாக உரிமையை விற்றன. நம்மூர் ஏரியா வியாபாரத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1935இல் ஹெர்பர்ட் யேட்ஸ் இந்த இரண்டையும் வேறு சில சிறு கம்பெனிகளையும் இணைத்து ‘ரிபப்ளிக்’ நிறுவனத்தை உருவாக்கினார். அவர் ஃபிலிம் லேப் முதலாளி. பிரிண்ட் போட்ட கடன் பாக்கி அவரிடம் குவிந்திருந்தது, அதுதான் பிடி. லேப் பாக்கி வைத்த தயாரிப்பாளர் லேப்காரரிடம் கம்பெனியை இழப்பது உலகப் பொதுக் கதை போலும்.

ஒரு படத்துக்கு எவ்வளவு பணம், எத்தனை நாள்?

ஜான் வெய்னின் லோன் ஸ்டார் படங்களை எடுத்துக்கொள்வோம். 1930இல் ‘தி பிக் டிரெயில்’ தோற்ற பிறகு அவர் பெரிய படங்களிலிருந்து கீழே தள்ளப்பட்டார். 1933 முதல் 1935 வரை லோன் ஸ்டார் தயாரித்து மோனோகிராம் வெளியிட்ட 16 படங்களில் நடித்தார். பெரும்பாலானவற்றை இயக்கியவர் ராபர்ட் என். பிராட்பரி. ஒரு படத்தின் செலவு சுமார் 10,000 முதல் 15,000 டாலர், படப்பிடிப்பு ஒரு வாரத்துக்குள். பின்னாளில் ரிபப்ளிக் தன் படங்களைச் செலவு வாரியாக நான்கு வகையாகப் பிரித்தது. கடைசிப் படியான ‘ஜூபிலி’க்கு 7 நாள், அதிகபட்சம் 50,000 டாலர் அளவில்.

மிச்சம் பிடித்த விதம் இது. குதிரையும் கௌபாய் தெரு செட்டும் நாள் வாடகை. எனவே தெருவில் நடக்கும் காட்சி எல்லாம், தொடக்கமோ முடிவோ, ஒரே மூச்சில் எடுக்கப்படும். மதுக்கடை செட்டில் கவுண்டரை நகர்த்தி மேசை போட்டால் ஷெரீப் அலுவலகம். வசனம் தடுமாறினாலும் பொருள் புரிந்தால் டேக் ஓகே. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 55 நிமிடப் படத்துக்குக் கடைசியில் தேவை சுமார் 4,950 அடி. கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு டேக்கும் நெகட்டிவ் செலவு, லேப் செலவு.

துரத்தல் காட்சி ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வசனக் காட்சிக்கு ஒலிப்பதிவு வண்டி, மைக், அமைதி மூன்றும் வேண்டும். காற்று அடித்தால் வேலை நிற்கும். குதிரை ஓடுவதற்கு இவை எதுவும் வேண்டாம். கேமராவை ஒரு வண்டியில் ஏற்றி ஊமையாக எடுத்து, குளம்புச் சத்தத்தைப் பிறகு சேர்த்தால் போதும். ஐந்து நிமிடத் துரத்தல் ஐந்து நிமிட வசனத்தைவிட மலிவு.

எல்லாப் படத்திலும் அதே பாறைதானே வருகிறது?

பல நேரம் உண்மைதான். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் தூரத்தில் எடுத்தால் யூனிட்டுக்குத் தங்கும் செலவில்லை. சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஐவர்சன் பண்ணை அப்படிப்பட்ட இடம். வட்டமாகத் தேய்ந்த மணற்பாறைகளும் அவற்றுக்கு நடுவே வளைந்து போகும் மண்பாதையும் கண்ணில் பட்டால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கொள்ளையர் குகை என்று வந்தால் பெரும்பாலும் கிரிஃபித் பூங்காவில் உள்ள பிரான்சன் குகை. அது உண்மையில் பழைய கல்குவாரிச் சுரங்கம். ஒரு வாயில் வழியாகப் போய் மறுவாயில் வழியாக வந்துவிடலாம், எனவே மறுபக்கத்து வெளிச்சம் தெரியாதபடி கேமராவைச் சாய்கோணத்தில் வைப்பார்கள். நியூஹால் அருகே பிளாசெரீட்டா கேன்யனில் மோனோகிராமுக்கு ஒரு கௌபாய் தெருவே இருந்தது.

பின்னணியில் பனி மூடிய சியரா மலையும் முன்னால் உருண்டைப் பாறைகளும் இருந்தால் அது லோன் பைனை ஒட்டிய அலபாமா ஹில்ஸ். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 200 மைல் அளவில் தள்ளி இருப்பதால் அங்கே எடுக்கக் கொஞ்சம் வசதி வேண்டும். வில்லியம் பாய்ட் நடித்த ஹோபலாங் காசிடி வரிசைப் படங்கள் (1935 முதல், மொத்தம் 66) பல அங்கே எடுக்கப்பட்டவை. இந்த மலிவுப் படங்களில் கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் அந்த வரிசைதான். அவற்றில் பலவற்றுக்கு ஒளிப்பதிவு செய்த ரஸ்ஸல் ஹார்லன் பின்னர் ‘ரெட் ரிவர்’ என்ற பெரிய கௌபாய் படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர்.

குத்துச் சண்டை நிஜமா?

1930களுக்கு முன் ஓரளவு நிஜம். தோளிலோ மார்பிலோ லேசாக அடிப்பார்கள், பார்த்தாலே பொய் தெரியும். லோன் ஸ்டார் படங்களில் ஸ்டன்ட் கலைஞர் யாகிமா கனூட், வெய்ன், பிராட்பரி மூவரும் சேர்ந்து வேறு முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை உலகம் முழுக்க அதே முறைதான்.

கேமரா, அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னாலோ அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ நிற்கும். முஷ்டி முகத்தைத் தொடாமல், சில அங்குலம் தள்ளி, கேமராவின் பார்வைக் கோட்டைக் குறுக்கே கடந்து போகும். அது கடக்கும் கணத்தில் வாங்குபவர் தலையை வெட்டித் திருப்ப வேண்டும். திரையில் ஆழம் தெரியாது என்பதால் அடி விழுந்ததாகவே கண் நம்பும்.

கெடுவது இரண்டு இடத்தில். கேமரா பக்கவாட்டுக்கு நகர்ந்துவிட்டால் முகத்துக்கும் முஷ்டிக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். தலை திரும்புவது அரை நொடி பிந்தினால் அடித்த பிறகு யோசித்து விழுவது போல இருக்கும். மறு டேக்குக்குப் பணம் இல்லாத படங்களில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். அக்காலப் படங்களில் பலவற்றில் குத்துச் சத்தமே மெலிவாக இருக்கும் அல்லது இருக்காது. பின்னால் வந்த ரிபப்ளிக் படங்களில் அது ‘டமார்’ என்று கேட்கும்.

கனூட் பற்றி இன்னொன்று. ரோடியோ (முரட்டுக் குதிரை ஏறும் போட்டி) சாம்பியனான அவர் இந்தப் படங்களில் வில்லனாகவும் நடிப்பார், நாயகனுக்கு டூப்பும் போடுவார். சில துரத்தல்களில் தூரக் காட்சியில் முன்னால் ஓடுவதும் பின்னால் துரத்துவதும் அவரேதான், தனித்தனியாக எடுத்து ஒட்டியது.

ஓடும் குதிரை குட்டிக்கரணம் அடித்து விழுகிறதே, அது எப்படி?

இந்தப் படங்களின் மிக அசிங்கமான பக்கம் இது. ‘ரன்னிங் டபிள்யூ’ என்ற கம்பிக் கண்ணி. குதிரையின் இரண்டு முன்னங்கால்களிலும் வார் கட்டி, அதில் மெல்லிய எஃகுக் கம்பியைப் பிணைப்பார்கள். கம்பி அங்கிருந்து வயிற்றுக்கடியில் சேண வாரில் உள்ள வளையம் வழியாகப் போய், பின்னால் மண்ணில் புதைத்த கட்டையில் முடியும். கால், வளையம், கால் என்று கம்பி போகும் வடிவம் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்தை ஒத்திருப்பதால் அந்தப் பெயர். குதிரை முழு வேகத்தில் ஓடும், கம்பி தீரும் இடத்தில் முன்னங்கால்கள் பின்னுக்கு இழுபடும், உடல் முன்னால் கவிழும். எந்த இடத்தில் தீரும் என்பது ஏறியிருப்பவருக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியாது. கழுத்தோ காலோ முறிந்து செத்த குதிரைகள் உண்டு.

1939இல் வெளியான ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ என்ற பெரிய பட்ஜெட் படத்துக்காகப் பாறை உச்சியிலிருந்து தண்ணீரில் தள்ளப்பட்ட குதிரை இறந்ததும் எதிர்ப்பு வலுத்தது. 1940 முதல் அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன் என்ற விலங்கு நல அமைப்பு படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. அதன்பின் பழக்கிய குதிரைகள் வந்தன. கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்ததும் அந்தப் பக்கம் சாயும், விழும் இடத்தைக் கிளறி மணல் நிரப்பி வைத்திருப்பார்கள். இரண்டையும் பிரித்தறிவது எளிது. பழக்கிய குதிரை தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் சாயும். கம்பியில் சிக்கியது தலைகுப்புறப் போகும்.

விழும் மனிதருக்கும் ஆபத்து உண்டு. அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) கால் மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். அதற்காகத்தான் ஒரு பக்கம் திறந்த, கால் தானாகக் கழன்றுவரும் அங்கவடியைக் கனூட் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்.

துப்பாக்கியில் ஏன் அவ்வளவு புகை? ஆறு குண்டுக்கு மேல் எப்படிச் சுடுகிறார்கள்?

புகைக்குக் காரணம் கரிமருந்து. ஈயக் குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாவில் அதை அடைப்பார்கள். படங்களுக்காகவே செய்த ‘ஃபைவ் இன் ஒன்’ என்ற தோட்டா, .38-40, .44-40 துப்பாக்கிகள், அதே அளவுக் கைத்துப்பாக்கிகள், .45 கோல்ட் என ஐந்துக்கும் பொருந்தும். யார் எந்தத் துப்பாக்கி வைத்திருந்தாலும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து நிரப்பலாம், தவறான தோட்டா போட்டு நேரம் வீணாகாது. குண்டு இல்லை என்றாலும் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. எரியாத மருந்துத் துகளும் அடைப்பும் அருகில் நிற்பவரின் கண்ணைப் பறிக்கும். எனவே நேராக முகத்தைக் குறிவைக்க மாட்டார்கள்.

ஏழாவது, எட்டாவது குண்டு எடிட்டிங் மேசையில் பிறப்பது. நான்கைந்து இடத்தில் தனித்தனியாகச் சுட்டதை ஒட்டும்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்னொரு பிழையும் பார்க்கலாம். கதை 1870களில் நடக்கும், கையில் இருப்பது 1892 மாடல் வின்செஸ்டர். வாடகைக் கடையில் அதுதான் தாராளமாகக் கிடைத்தது.

இரவு என்கிறார்கள், தரையில் நிழல் விழுகிறதே?

பகலில் எடுத்து இரவாக்கியது. இரவில் மலைச் சரிவுக்கு வெளிச்சம் போட ஜெனரேட்டர், விளக்கு, ஆள், ஓவர்டைம் என்று பட்ஜெட் பறந்துவிடும். எனவே லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டுவார்கள். அது நீல ஒளியைத் தடுப்பதால் வானம் கறுக்கும். சூரியனை எதிரிலோ பக்கவாட்டிலோ வைத்து, சுமார் இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைக் கால் பங்காகக் குறைத்து எடுத்தால் உருவங்களின் ஓரம் மட்டும் நிலா வெளிச்சம் பட்டது போல மின்னும். மேகம், வெள்ளைச் சட்டை, கிளம்பும் புழுதி மூன்றும் இதைக் காட்டிக்கொடுக்கும். சிவப்பு ஃபில்டரில் உதடும் முகமும் வெளிறிப்போவதால் நெருக்கக் காட்சியைத் தவிர்ப்பார்கள்.

நீங்கள் பார்த்த பிரதியில் நடுப்பகல் போலத் தெரிந்தால் ஒளிப்பதிவாளரைத் திட்ட வேண்டாம். தொலைக்காட்சிக்கும் வீடியோவுக்கும் மாற்றியவர்கள் அந்தக் காட்சி இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைத் தூக்கிவிட்டிருப்பார்கள்.

குதிரைகள் இயல்பைவிட வேகமாக ஓடுவது போலத் தோன்றுகிறதே?

கேமரா வேகத்தைக் குறைத்து எடுத்தது. நொடிக்கு 20 ஃபிரேம் எடுத்து 24 ஃபிரேமில் ஓட்டினால் 1.2 மடங்கு வேகம். 18க்கு இறங்கினால் 1.33 மடங்கு, அப்போது வால் ஆடுவதே கோமாளித்தனமாகிவிடும். ஊமையாக எடுப்பதால் இந்த வசதி.

திடீரென்று தூரக் காட்சியில் ஆயிரம் மாடுகள் வருகின்றன. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

பழைய படத்திலிருந்து. ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனம் மௌனப் பட காலத்தில் கென் மேனார்டை வைத்து நல்ல செலவில் கௌபாய் படங்கள் எடுத்தது. அந்த நெகட்டிவ்கள் வார்னர் ஸ்டூடியோவின் கைக்கு வந்தன. 1932-33இல் வெய்னை வைத்து ஆறு படம் எடுத்தபோது மாட்டு மந்தை, கூட்டத் துரத்தல் போன்றவற்றை அவற்றிலிருந்தே வெட்டிச் சேர்த்தார்கள். மேனார்டின் உடையை ஒத்த உடை வெய்னுக்கு, மேனார்டின் குதிரையைப் போல ஒரு வெளிர்நிறக் குதிரை. தூரத்தில் மேனார்ட் ஓடுவார், கிட்ட வந்து வெய்ன் இறங்குவார். ஒட்டைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீர்கள், படத்தின் துல்லியம் மாறுவதைப் பாருங்கள்.

நாயகன் ஏன் கிட்டாரை எடுத்துப் பாட ஆரம்பித்தான்?

1933இன் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’யில் வெய்னே பாடும் நாயகனாக வந்தார், குரல் மட்டும் வேறொருவருடையது. ரசிகர்கள் நேரில் பாடச் சொன்னால் மாட்டிக்கொள்வார். அது தொடரவில்லை. வானொலியிலும் இசைத்தட்டிலும் ஏற்கெனவே பெயர் வாங்கிய ஜீன் ஆட்ரி 1935இல் ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ மூலம் அந்த இடத்தைப் பிடித்தார். தயாரிப்பாளருக்கு இது கணக்காகவும் ஒத்துவந்தது. மூன்று நிமிடப் பாட்டுக்குப் புது லொகேஷன் வேண்டாம், ஒரு மரத்தடி போதும். வானொலியே இலவச விளம்பரம். 1937 முதல் 1942 வரை அதிக வசூல் தந்த கௌபாய் நடிகர் பட்டியலில் ஆட்ரிதான் முதலிடம். அவர் ராணுவத்துக்குப் போனதும் ராய் ரோஜர்ஸ் 1943 முதல் அந்த இடத்தை விடவில்லை.

ஆட்ரி படங்களில் கார், டெலிபோன், வானொலி நிலையம் எல்லாம் வரும், பக்கத்திலேயே இடுப்பில் துப்பாக்கியோடு ஆள் நிற்பான். கவனக்குறைவு அல்ல, கதையே சமகாலத்தில் நடப்பதாக எழுதியது.

கறுப்பின நாயகர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். நிறவெறி பிரித்துவைத்திருந்த தியேட்டர்களுக்காகத் தனியே எடுத்த படங்களில். பாடகர் ஹெர்ப் ஜெஃப்ரிஸ் 1937 முதல் 1939 வரை நான்கு கௌபாய் படங்களில் நாயகன். கலிஃபோர்னியாவின் விக்டர்வில் அருகே கறுப்பினத் தம்பதி நடத்திய ஒரு பண்ணை விடுதி அவற்றுக்கு லொகேஷனாக உதவியது. ‘தி பிரான்ஸ் பக்கரூ’ (The Bronze Buckaroo, 1939) இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

எப்போது, எதனால் நின்றது?

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களையும் கையில் வைத்திருந்த ஏற்பாட்டை உடைத்தது. அதே நேரம் தொலைக்காட்சி வந்தது. வில்லியம் பாய்ட் தன் பழைய படங்களின் உரிமையை வாங்கி 1949இல் தொலைக்காட்சிக்குக் கொடுத்துப் பெரும் பணம் பார்த்தார். வீட்டில் இலவசமாகக் கிடைப்பதற்குச் சனிக்கிழமை யார் டிக்கெட் எடுப்பார்கள்? 1954இல் வெளியான ‘டூ கன்ஸ் அண்ட் எ பாட்ஜ்’ இந்த வரிசைப் படங்களில் கடைசி என்பது பொதுவான கணக்கு.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? இணையத்தில் ஒரே படம் பத்து விதமாக இருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி அன்று காப்புரிமை 28 ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். சிறு கம்பெனிகள் பல புதுப்பிக்கவில்லை. லோன் ஸ்டார் படங்கள் பொதுவுடைமை ஆனது அப்படித்தான். யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் தரம் கண்டபடி இருக்கும். தேர்ந்தெடுக்கும்போது:

முதலில் நீளம். ரிபப்ளிக் படங்கள் பலவற்றைத் தொலைக்காட்சியின் ஒரு மணி நேரத்துக்குள் விளம்பரத்தோடு அடங்க 53, 54 நிமிடமாக வெட்டினார்கள். பாட்டும் நகைச்சுவையும்தான் முதலில் போனவை. அசல் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சட்டகம். அசல் 1.37:1, ஏறத்தாழச் சதுரம். அகலத் திரைக்கு இழுத்தால் குதிரை பன்றி போலத் தெரியும். டிவியில் 4:3 வைக்கவும்.

பின்னணியில் சின்தசைசர் கேட்டால் மூடிவிடுங்கள். லோன் ஸ்டார் படங்களில் அசலாகப் பின்னணி இசை மிகக் குறைவு, வெறும் குளம்பொலியும் காற்றும்தான். பிற்கால வீடியோ வெளியீட்டாளர்கள் சேர்த்தது அது. வண்ணம் பூசியதும் அப்படியே.

முதல் படமாக ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ போதும். 50 நிமிடத்தை ஒட்டியது, சண்டை, பாட்டு, துரத்தல், கனூட் எல்லாம் உண்டு. இரண்டாவதாக லோன் பைனில் எடுத்த ஒரு ஹோபலாங் காசிடி. ஒரே நாளில் மூன்றுக்கு மேல் பார்க்க வேண்டாம், எந்த ஷெரீப் எந்தப் படத்தில் செத்தார் என்று குழம்பிவிடும்.